இடுக்கியைத் தட்டில் வைத்த வழக்கு

மதிப்பிற்குரிய வெர்டெல் அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் டவீனா மிசிசிப்பியிலிருந்து எழுதுவது. சிகாகோ குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே அப்பாவின் தோள்பட்டையைத் தவிர எல்லோரும் நலம்.

வழக்கு முடிந்துவிட்டது, நீங்கள் விசாரணைக்குக் கிளம்பி வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சர்ச் விருந்தில் அப்பா விலாக்கறி சுட்டுக்கொண்டிருந்தபோது, வேறு யாரையோ தேடி வந்த போலீஸ்காரர் "கையில இருக்கறத கீழ போடு" என்றதும், கறி புரட்டும் இடுக்கியை மண்ணில் போடுவதாவது என்று அப்பா அதை நிதானமாகத் தட்டில் வைக்கப் போனதும், வைத்து முடிப்பதற்குள் போலீஸ்காரர் அடித்து அப்பாவின் தோள்பட்டை உடைந்ததும் உங்களுக்குத் தெரியும். அதற்காக அப்பா போலீஸ்காரர் மேல் போட்ட வழக்கை ஜூரி விசாரிக்கலாம் என்று நீதிபதி அனுமதித்த கையோடு போலீஸ்காரர் மேல்முறையீடு செய்ய, விசாரணை தொடங்காமலே நின்றது. இதே மாதிரி அடித்தது தப்பு என்று முன்பே ஒரு தீர்ப்பு இருந்தால்தான் போலீஸ்காரர் மேல் வழக்கு நிற்குமாம். வீட்டில் காலேஜ் முடித்தவள் நான் ஒருத்தி என்பதால், வக்கீலம்மாவோடு உட்கார்ந்து பழைய தீர்ப்பு தேடும் வேலை என் தலையில் விழுந்தது. விஷயம் பரவி, ஆராதனை முடிந்ததும் சர்ச் ஆண்கள் ஒவ்வொருவராக வந்து தாங்கள் அடி வாங்கிய கதைகளை என்னிடம் காணிக்கை மாதிரி கொடுத்தார்கள். சர்ச் ஊழியரான டீக்கன் லெமுவேல் தூண்டிலும் கையுமாக அடி வாங்கியவர். கேஸ் போட்டீர்களா என்று மெதுவாகக் கேட்டேன். "கேஸா? உயிரோட வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரி மீன் எங்கன்னு கேட்டா" என்றார். கேஸே போடாததால் தீர்ப்பும் இல்லை, அது கணக்கில் சேராது என்று நான் அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

கடைசியில் ஒரு தீர்ப்பு கிடைத்தது. அதில் அடிபட்டவர் மண்வெட்டியைக் கீழே போட்டவர். அப்பா இடுக்கியைத் தட்டில் வைத்தவர். போட்டவரை அடிப்பது தப்பு என்று போலீஸுக்குத் தெரியும், வைத்தவரை அடிப்பது தப்பு என்று யாரும் சொல்லி வைக்கவில்லையே என்று மேல்கோர்ட் முடித்துவிட்டது. அப்பா கோபப்படவில்லை. "போகட்டும்மா. அடுத்து அடி வாங்கறவனுக்கு என் கேஸ் முன்தீர்ப்பா உதவும்" என்றார்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன் அத்தை, உதவாது. அப்பாவை அடித்தது சரியா தப்பா என்று இப்போது சொல்லத் தேவையில்லை என்று கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டார்கள். அடுத்தவர் போய் நின்றாலும் முன்தீர்ப்பு இல்லை என்பார்கள். இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் போனில் உளறிவிடாதீர்கள். கர்த்தர் உங்கள் முழங்காலுக்குத் துணையிருப்பாராக.

அன்புடன்,
டவீனா

பி.கு.: நான் ஸ்டாம்ப் தேடப் போன நேரத்தில் அப்பா இதைப் படித்துவிட்டார். பிறகு, "அடுத்தவனுக்கும் இல்லன்னா நான் எதுக்கு விடணும்? வக்கீலம்மாவக் கூப்பிடு. இது மூணு ஜட்ஜ் சொன்னதுதானே, மேல்கோர்ட்டுல இருக்கற எல்லா ஜட்ஜும் சேந்து, தப்பா இல்லையான்னு ஒரு வரி எழுதட்டும்" என்றார். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், வழக்கு முடியவில்லை. அப்படிக் கேட்பவர்களுக்கு அநேகமாக முடியாது என்றுதான் பதில் வரும் என்று வக்கீலம்மா சொன்னதை, இந்த முறை நானே அப்பாவிடம் சொன்னேன்.

"முடியாதுன்னா அவங்க சொல்லட்டும்" என்றார். "நாமளே சொல்லிக்க வேணாம்."