உயிலில் இல்லாத அசனம்

ஒரு விடுகதை சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு இரண்டு வந்து சேரும். ஒன்று, எழுதி வைத்தால்தான் வரும், அதை விற்றுவிடலாம். மற்றதை யாரும் எழுதி வைப்பதில்லை; அதை விற்கவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அவை என்ன?

தெரியவில்லையா? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

என் பெயர் வில்லியம். பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. 1929ஆம் ஆண்டு என் மாமனார் காலமானார். அவர் உயிலில் ஒரு வரி: "என் செம்பு அண்டா பேத்தி தெரேசாவுக்கு." தெரேசா என் மகள். வயது ஆறு. அவளைப் போல நான்கு பேர் அந்த அண்டாவுக்குள் உட்கார்ந்து படிக்கலாம்.

அன்றே ஒரு தீர்மானம் செய்தேன். இந்த வீட்டில் கிராமபோன் பாடியே தீரவேண்டும்.

"அமலம், அண்டாவ வித்துடலாமா?" என்றேன் மனைவியிடம், கதவைப் பிடித்தபடியே. சண்டை மூண்டால் வெளியேற வசதி.

"எனக்கென்னங்க? புள்ள பேர்ல எழுதினது. அவளக் கேளுங்க."

கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அமலம்மாள் வாக்குவாதம் இல்லாமல் எனக்கு உப்புகூடத் தந்ததில்லை.

"தெரேசா, அண்டாவ வித்துட்டுப் பாட்டுப்பெட்டி வாங்கலாமா?"

"வாங்கலாம்ப்பா!"

மறுநாள் அண்டா மாட்டுவண்டியில் ஏறியது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சுலைமான் அண்ணன் எடைக்கு எடுத்துக்கொண்டார். கிராமபோன் வந்தது. மூன்று நாள் பாடியது. அமலம்மாளும் கூடவே முணுமுணுத்தாள். நான்தான் பாட்டைக் கேட்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் இவள் திட்டவில்லை?

நான்காம் நாள் சனிக்கிழமை. காலையில் பக்கத்து வீட்டு நவமணி அக்கா ஒரு பை அரிசியோடு வந்தார்.

"என்னக்கா இது?"

"என்ன தம்பி, மறந்தாச்சா? நாளைக்கு அந்தோணியார் திருநாள் லா! அசனத்துக்கு எங்க வீட்டு அரிசி."

அசனம் என்றால், திருநாள் பூசை முடிந்ததும் ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. முதலாளியும் கூலியும் ஒரே பந்தி. அதைச் சமைப்பது என் மாமனார் வீடு. அது அவரோடு போயிற்று என்று நினைத்திருந்தேன். பத்து மணிக்குள் பதினான்கு அரிசிப் பைகள் வந்துவிட்டன. நாற்காலியில்கூட அரிசிதான் உட்கார்ந்திருந்தது.

"அமலம்! அசனத்தப் பத்தி உயில்ல ஒரு வார்த்தை இல்லியே!"

"இல்லதான். அண்டாவ அப்பா எழுதி வெச்சாரு, வித்தீங்க. அசனத்த எங்க தாத்தா அப்பாவுக்கு எழுதியா வெச்சாரு? அதுவா வந்துச்சு. இப்ப நமக்கு வந்திருக்கு."

"எழுத்தில இல்லாதது எப்படிடீ வரும்?"

"உங்க மூஞ்சியில உங்கப்பா மூக்கு இருக்கே. அத எந்த உயில்ல எழுதினாரு?"

மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

"ஆஸ்திய விக்கலாங்க. மரபக் கொண்டுபோய் எந்தக் கடையில எடை போடுவீங்க?"

"வேணாம்னு சொல்லிட்டா?"

"சொல்லுங்களேன். நாளைக்கு எரநூறு பேரு எலை போட்டு உக்காருவாங்க. நீங்களே எழுந்து நின்னு சொல்லுங்க."

நான் எழுந்து ஓடினேன், சுலைமான் கடைக்கு.

"அண்ணே! என் அண்டா!"

"வெட்டி உருக்க அனுப்பியாச்சு தம்பி. அடியில மூணு ஒட்டு. இன்னொரு அசனம் தாங்கியிருக்காது."

"ஐயோ, இப்ப நான் என்ன செய்வேன்?"

"ஏன் பதறுறீங்க? நீங்க பழச விக்க வந்ததுக்கு மொத நாளே உங்க வீட்டம்மா வந்து புதுசு பாத்து வெச்சிட்டாங்களே. 'அவரு சனிக்கிழமை வந்து வாங்குவாரு'ன்னு சொன்னாங்க."

மூலையில் ஒரு புது அண்டா மின்னியது. அதன்மேல் சுண்ணாம்புக் கட்டியால் 'வில்லியம்' என்று எழுதியிருந்தது. விலையைக் கேட்டேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அமலம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மூணு வருஷமா புது அண்டா கேட்டேன். அப்பா நாளைக்கு நாளைக்குன்னாரு. உங்களக் கேட்டா மட்டும் கெடச்சிருக்குமா?"

"பணத்துக்கு எங்கடீ போவேன்?"

"விக்கிறதுக்கு வீட்டுல ரெண்டு இருக்கு. ஒண்ணு கிராமபோன். இன்னொண்ணு உங்க சைக்கிள்."

"கிராமபோனையே வித்துடலாம்!" கிடங்கு இரண்டு மைல். வெயிலோ பினாங்கு வெயில்.

"அது அண்டாவ வித்து வாங்கினது. புள்ளையோடது. அவளக் கேக்காம தொடக்கூடாது."

தெரேசாவின் முன் மண்டியிட்டேன். திருநாளில் அந்தோணியார் சுரூபத்தின் முன்கூட அப்படி மண்டியிட்டதில்லை. இரண்டையும் விளக்கிச் சொன்னேன். நடக்கவேண்டிய என் கால்களைப் பற்றியும் சொன்னேன்.

தெரேசா சைக்கிளை விற்கச் சொன்னாள்.