காஃபுயியின் சுவரும் அங்கீகரிக்கப்பட்ட லாரியும்

அந்தச் செவ்வாய்க்கிழமை நண்பகலில் காஃபுயியின் சாப்பாட்டுக்கடையில் இருந்தவர்கள்: சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒன்பது பேர், சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்கள் இருவர், சாப்பிடாமல் அரசியல் பேசியவர் ஒருவர், அடுப்படியில் காஃபுயி, வாசலில் ஓர் ஆடு. அந்த ஒன்பதில் ஒருவன் நான். கூச்ச சுபாவத்தால் எப்போதும் பின்மூலையில்தான் உட்காருவேன்.

பன்னிரண்டு மணி இருபது நிமிடத்துக்கு அக்பேகோவின் மரவள்ளிக்கிழங்கு லாரி தெருப்பக்கச் சுவர் வழியாக உள்ளே வந்தது. முன்பாதி உள்ளே, பின்பாதி தெருவில். ஒருவருக்கும் கீறல் இல்லை. ஆடுகூடப் பிழைத்தது. அரசியல் பேசியவர் மட்டும் பேச்சை நிறுத்தினார். எங்கள் செலிகோப்பே ஊரில் அது அதுவரை நடக்காத ஒன்று.

அக்பேகோ கதவைத் திறந்து இறங்கி, வெண்டைக்காய்ச் சாற்றில் கால் வைத்தான்.

"அக்கா, பிரேக் பிடிக்கலக்கா."

"அது தெரியுதுடா. சாப்பிடணும்னா வாசல் வழியா வரக்கூடாதா? சரி, வண்டியை வெளிய எடு. மழை வர்றதுக்குள்ள நான் சுவர் வெக்கணும்."

இவ்வளவுதான் அவள் கேட்டது. மழைக்காலம் தொடங்க ஒன்பது வாரம் இருந்தது. சுவர் இல்லையென்றால் அடுப்பு நனையும். அடுப்பு நனைந்தால் கடை இல்லை.

லாரியை எடுப்பதற்குள் மாவட்ட மன்றத்தின் கட்டட ஆய்வாளர் டோட்சே சிவப்பு பெயின்ட் டப்பாவோடு வந்துவிட்டார். எங்கள் மன்றத்துக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரில் எழுதிவிடும். டோட்சே கட்டடத்தை ஒருமுறை சுற்றி வந்து, லாரியின் பின்கதவில் பெரிதாக எழுதினார்: வேலையை நிறுத்து. அனுமதியைக் காட்டு.

"ஐயா, அது லாரிங்க," என்றான் அக்பேகோ.

"ஓடுச்சுன்னா லாரி. கூரையைத் தாங்கிட்டு நின்னா கட்டடம். இப்ப ஓடுதா?"

"இல்லீங்க."

"கூரை எதுமேல நிக்குது?"

அக்பேகோ நிமிர்ந்து பார்த்தான். கூரையின் முன் உத்தரம் லாரியின் தலையில்தான் உட்கார்ந்திருந்தது.

"அனுமதியில்லாம பதினோரு அடி தெருவுக்கு நீட்டிக் கட்டியிருக்கீங்க," என்று டோட்சே காஃபுயியிடம் சொன்னார்.

"நான் எங்கய்யா கட்டுனேன்? அதுவா வந்துச்சு!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. தற்போதைய நிலைக்கு ஒரு வரைபடம் போட்டு அனுமதி வாங்குங்க. அனுமதி இருக்கிற கட்டடத்துலதான் மாற்றம் செய்ய முடியும்."

லாரியின் பதிவுத்தாளையும் கோப்பில் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

வரைபடம் தயாரானது. கதவு எண் பதினான்கு, சுவர், கூரை, லாரி எல்லாம் அதில் இருந்தன. சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். விழாக்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுபவன் நான்; கடையை ஒட்டி, பதினைந்தாம் எண்ணில் என் கிடங்கு. நாடாவைப் பிடித்து நானே அளந்தேன். லாரியின் நீளம் மூன்று அங்குலம் குறைத்துப் போட்டிருந்தார்கள், திருத்தச் சொன்னேன். திருத்தியபின் கையெழுத்திட்டேன்.

"பெரியப்பா, அது இருக்கக்கூடாத லாரி," என்றாள் காஃபுயி.

"இருக்கலாமான்னு யாரும் கேக்கலம்மா. அளவு சரியான்னுதான் கேட்டாங்க."

ஏழு வாரத்தில் அனுமதி வந்தது. இதற்கிடையில் வெளியூரிலிருந்தெல்லாம் வந்து லாரியோடு நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் நாற்பத்தொரு பேர். அவர்களில் சாப்பிட்டவர்கள் மூவர். அனுமதியில், "லாரியுடன் கூடிய உணவகம் இதனால் அங்கீகரிக்கப்படுகிறது" என்று முத்திரை குத்தியிருந்தது. லாரியை அகற்ற வேண்டுமானால் தனி மனு. அதற்கு இன்னும் ஏழு வாரம்.

முதல் தூறல் அடுப்பில் விழுந்த அன்று காஃபுயி யாரையும் கேட்கவில்லை. உத்தரத்துக்குத் தேக்குக் கம்பு முட்டுக் கொடுத்து, இருபத்தாறு பேர் சேர்ந்து லாரியை வெளியே இழுத்தோம். கொத்தனார் இரண்டே நாளில் சுவர் வைத்தார். அவள் சாறு காய்ச்சினாள், எல்லோரும் சாப்பிட்டோம்.

நான்காம் நாள் டோட்சே வந்தார். வரைபடத்தை விரித்தார். சுவரைப் பார்த்தார்.

"லாரி எங்க?"

"போயிடுச்சு," என்றாள் காஃபுயி, கும்பிடாத குறையாக.

"படத்துல இருக்கு. இங்க இல்ல. அங்கீகரிச்ச படத்துக்கு மாறான கட்டடம்." புதுச் சுவரில் சிவப்பு எழுத்து ஏறியது. "ஏழு நாளைக்குள்ள லாரி பழைய இடத்துல இருக்கணும். இல்லேன்னா இடிச்சிடுவோம்."

"லாரியை உள்ள விட்டாலும் சுவர் இடியுமே!"

"அது அனுமதியோட இடியறது."

மன்றம் இதை "வாகன மறுநிறுவல் விழா" என்று அறிவித்தது. பந்தல் போட்டார்கள், பித்தளை வாத்தியம் வந்தது, ரிப்பன் கட்டினார்கள். பொதுமக்களுக்கு நிற்க இடம் இருந்ததால் என்னிடம் பதினேழு நாற்காலிதான் கேட்டார்கள்: வந்த அதிகாரிகளுக்குப் பதினாறு, வருவதாகச் சொன்ன மேலதிகாரிக்கு ஒன்று. மீதி நூற்று நாற்பத்து மூன்றும் கிடங்கில் இருந்தன.

பதிவுத்தாள் திரும்பக் கிடைக்கும் என்று சொன்னதால் அக்பேகோ லாரியில் ஏறினான். பிரேக்கைச் சரிசெய்ய வேண்டாம் என்று எழுத்துமூலம் அறிவுறுத்தியிருந்தார்கள். படத்தில் உள்ள நிலை மாறிவிடும் அல்லவா?

ரிப்பன் வெட்டப்பட்டது. லாரி கிளம்பியது. அப்போது காஃபுயி அகப்பையோடு வந்து தன் சுவருக்கு முன்னால் நின்றாள்.

"வாடா! பதினோரு வருஷமா என் கையால சாப்பிட்டவன்தானே நீ. என்மேல ஏத்து பாப்போம்!"

கூட்டம் வழிகாட்டியது. "இடப்பக்கம் ஒடி!" என்றவர்கள் பதினெட்டு பேர். "வலப்பக்கம்!" என்றவர்கள் பத்தொன்பது பேர். பத்தொன்பதாவது குரல் என்னுடையது. அக்பேகோ பெரும்பான்மையை மதித்தான். வலப்பக்கம்தான் என் கிடங்கு.

தூசி அடங்கியதும் முதலில் கேட்டது கைதட்டல். டோட்சே படத்தோடு வந்து பொறுமையாகப் பார்த்தார்.

"லாரி இருக்கு. சுவர் இருக்கு. உள்ள பாதி, வெளிய பாதி. கதவு எண்தான் தப்பா இருக்கு." பதினான்கை அடித்துப் பதினைந்து என்று எழுதினார். காஃபுயியின் சுவரிலிருந்த சிவப்பு எழுத்தை அவரே சுரண்டி அழித்தார். "சாட்சிக் கையெழுத்து ஏற்கெனவே இருக்கு. நல்லதாப் போச்சு."

"பெரியப்பா, அளவு சரியா இருக்கா?" என்றாள் காஃபுயி. பிறகு மனம் கேட்காமல், "நிக்காதீங்க, எதிலாவது உக்காருங்க," என்றாள்.

கிடங்குக்குள் முழு நாற்காலி ஒன்றுகூட இல்லை. பந்தலுக்குப் போய், காலியாக இருந்த ஒன்றில் உட்காரலாமா என்று கேட்டேன். அது மேலதிகாரிக்கு ஒதுக்கப்பட்டது, அவர் வராவிட்டாலும் ஒதுக்கப்பட்டதுதான் என்றார்கள். நின்றபடியே எண்ணினேன். பதினாறில் ஆள் இருந்தது, ஒன்றில் இல்லை. மீதி பதினேழு.