அரண்மனைத் தோட்டத்தில் ஒரு பை மொசரெல்லா

ஊர் சுற்றுகிறவர்களில் ஓர் இனம் உண்டு. கண்ணை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, வயிற்றை மட்டும் ஊர் பார்க்க அழைத்துச் செல்கிற இனம். எங்கள் நேப்பிள்ஸ் பக்கம் இதன் விளைச்சல் கொஞ்சம் அதிகம். ரயிலில் உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். ஃப்ளோரன்ஸ் எப்படி இருந்தது என்று கேளுங்கள், "ரொட்டில உப்பே போட மாட்டேங்கறான்" என்பார். தேனிலவுக்கு வெனிஸ் போய், படகேறி, பாலமேறி, பத்திரமாகத் திரும்பியும் வந்தவர், அந்த ஊரைப் பற்றி இன்றுவரை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மீனில் எண்ணெய் அதிகம். பார்த்தது? அதற்கெல்லாம் நேரம் ஏது?

என் தங்கை ரஃபேலா இப்படி ஒருவரைத்தான் கட்டிக்கொண்டாள். பெயர் எர்மீனியோ.

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கசெர்த்தா அரண்மனைத் தோட்டத்தின் கோடியில், மலையிலிருந்து ஓர் அருவி விழுகிறது. அதைப் பார்க்க வேண்டும் என்பது ரஃபேலாவின் நெடுநாள் ஆசை. போன தடவைகளில் எல்லாம் பாதி வழியில் எர்மீனியோவுக்குப் பசி வந்து, குடும்பமே திரும்பியிருக்கிறது. இப்போது அவருக்கு டூரினுக்கு மாற்றல். அடுத்த வாரம் கிளம்புகிறார்கள். அது வடகோடி. இனி எப்போது வருவார்களோ, அதனால் நானும் கூடப் போனேன்.

வழியில் மனிதர் எருமைப்பால் மொசரெல்லா வாங்கிவிட்டார். உப்புத் தண்ணீரில் மிதக்கும் அந்த வெள்ளைப் பாலாடைக்கட்டிக்கு எங்கள் பக்கம் ஒரு சட்டம் உண்டு. காலையில் செய்ததை அன்றைக்கே தின்ன வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் பாவம். வெயிலில் காட்டினால் மகாபாவம். தோட்டத்திலோ அருவிக்குப் போகும் நடுப்பாதை பொட்டல் வெயில். ஆகவே எர்மீனியோ, பச்சைக் குழந்தையைப் போல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஓரமாக மரத்துக்கு மரம் தாவி, வழியில் நின்ற கடவுள் சிலைகளை நிழல் விழுகிறவை, விழாதவை என்று இரண்டே சாதியாகப் பிரித்து, கடைசி மரத்தடியில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் கொஞ்ச தூரந்தான்," என்றாள் ரஃபேலா.

"உனக்குக் கொஞ்ச தூரம். இது வெந்துடும்."

"அப்ப இங்கேயே வச்சிட்டு வா."

"பெத்த புள்ளைய யாராச்சும் அப்படி விட்டுட்டு வருவாங்களா?"

"நம்ம புள்ளைய ஒரு தடவை கடற்கரையிலயே விட்டுட்டு வந்தியே."

"அது மீன் ஆறிடுமேன்னு வந்தது."

நான் குறுக்கிட்டேன். "மாப்ளே, அவ ஆசைக்கு ஒரு நாள் நடந்தாத்தான் என்ன?"

"மச்சான், அருவி எங்க ஓடிடப் போகுது? ராஜா காலத்துலேருந்து அங்கதான் விழுந்துக்கிட்டு இருக்கு. இது சாயங்காலம் வரைக்கும் தாங்குமா, சொல்லுங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரஃபேலா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, நட்ட நடு வெயிலில், மலையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

"அடியே, ஓரமாப் போ. ஆட்டாத. தண்ணி சிந்துது," என்று அலறிக்கொண்டே எர்மீனியோ பின்னால் ஓடினார். கல்யாணத்தன்றுகூட அவள் பின்னால் அப்படி ஓடியவரில்லை.

அருவிக்கரையில் அவரிடம் பையைக் கொடுத்துவிட்டு, ரஃபேலா தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். கண் கலங்கியிருந்தது. எர்மீனியோ அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்தார். எனக்கும் ஓர் உருண்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"எவ்வளவு அழகு, பாத்தியா?" என்றாள் அவள்.

"அதை ஏன் கேக்கற," என்றார் அவர், மோவாயில் பால் வழிய, கண்ணை மூடிக்கொண்டு.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அந்த மொசரெல்லா எந்தப் பாலில் செய்தது, எதில் மிதக்கும், எங்கே வைக்கக் கூடாது, எல்லாம் இப்போது உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அருவி எப்படி இருந்தது என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.