கழுத்தளவு வெந்நீர்

கிச்சாவின் தலை ஈரமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பெருமாள் சன்னதியில் ஒருவர் ஈரத்தலையோடு நிற்பது குற்றமில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற அனிருத் மூக்கை இரண்டு முறை உறிஞ்சினான்.

"என்ன மாமா, உங்க மேல நீச்சல்குளம் வாசனை அடிக்கறது?"

கிச்சாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு அறுபத்தோரு வயது. தபால் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். பொய் சொல்லிப் பழக்கமே கிடையாது. பழக்கமில்லாதவர்கள் பொய் சொல்ல நேர்ந்தால், அளவு தெரியாமல் கொஞ்சம் பெரிதாகவே சொல்லிவிடுகிறார்கள்.

"பிரார்த்தனைடா," என்றார். "கருட சேவை வரைக்கும் தெனம் சாயங்காலம் ஸ்நானம் பண்ணிட்டுத்தான் சேவிக்கறதுன்னு."

அந்த நேரம் பார்த்துத் திரை விலகியது. மணி அடித்தது. தீபத்தின் வெளிச்சத்தில் பெருமாள் அவரை நேருக்கு நேர் பார்த்தார்.

பெருமாளைத் தோளில் எழுந்தருளப் பண்ணி மாடவீதி சுற்றுகிறவர்களுக்கு ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று பெயர். அந்தச் சின்னக் கோயிலில் மொத்தம் பன்னிரண்டு பேர். அனிருத் தரமணியில் கணினி வேலை. இன்னும் ஒருவர் வங்கி, ஒருவர் சமையல் கான்ட்ராக்ட், இப்படி. உற்சவம் என்றால் எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரே ஜாதியாகிவிடுவார்கள். வாகனத்தைத் தாங்கும் இரண்டு நீளக் கழிகளில், இடது தண்டில் மூன்றாவது இடம் கிச்சாவுடையது. முப்பத்தோரு வருஷமாக ஒரு கருட சேவை தவறியதில்லை.

போன மாதம் பரண்மேல் இருந்த அண்டாவை எடுக்கக் கையைத் தூக்கினார். இடது கை பாதி வழியில் நின்றுவிட்டது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது, தோளில் தசையை எலும்போடு கட்டும் நாண் பாதி கிழிந்திருக்கிறது என்றார். பாரம் கூடாது. தண்ணீருக்குள் பயிற்சி செய்தால் நல்லது.

"எல்லாம் பெருமாளைச் சுமந்த தோள் டாக்டர்," என்றார் கிச்சா, வலியிலும் கொஞ்சம் பெருமையாக.

கோயிலில் மட்டும் அவர் மூச்சு விடவில்லை. விட்டால் யாரும் திட்டமாட்டார்கள். அதுதான் பயம். "அதனால என்ன மாமா, நீங்க சும்மா கூட நடந்து வாங்கோ" என்று அன்பாகச் சொல்வார்கள். அந்த 'சும்மா'வை மட்டும் அவரால் தாங்க முடியாது.

வீட்டில் வைதேகி விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சன்னதில நின்னுண்டா சொன்னேள்?"

"ஆமா. பொய்தானேடி."

"பொய்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவர் காதுல பிரார்த்தனைன்னுதானே விழுந்திருக்கு? இனிமே பண்ணித்தான் ஆகணும்."

"அதான் தெனம் அடையாறு போய் முங்கிட்டு வரேனே!"

"ப்ளீச்சிங் பவுடர் போட்ட தண்ணில பிரார்த்தனையா? நன்னாருக்கே! வர வழியில கோயில் கிணத்துல ரெண்டு வாளி விட்டுக்கோங்கோ."

அடையாறில், பழைய பங்களா ஒன்றின் பின்கட்டில் இருந்தது அந்தக் குளம். கண்ணாடிக் கூரை. குழந்தைக்கு வார்க்கிற பதத்தில் வெந்நீர். மூன்று மணி வெயில் கூரை வழியாக இறங்கித் தண்ணீரில் உடைந்து, சுவரெல்லாம் பொன்னிறமாக நெளியும். யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். தண்ணீர் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்.

பயிற்சி கொடுப்பவள் பிரிஸில்லா. சாந்தோமிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற பெண்.

"கழுத்தளவு தண்ணில நின்னா உங்க எடையில பத்துல ஒரு பங்குதான் சார் உங்களோடது. மிச்சத்தைத் தண்ணி வாங்கிக்கும். கையைத் தூக்காதீங்க. சும்மா விடுங்க. அதுவா வரும்."

கிச்சா விட்டார். அவருடைய கை, தூக்கத்தில் சிரிக்கிற குழந்தையின் கை மாதிரி, தானாக மேலே வந்தது. தோள் உயரத்துக்கு வந்து தண்ணீர்மேல் படுத்துக்கொண்டது. கீழேயிருந்து யாரோ உள்ளங்கையில் ஏந்தியிருப்பது போலிருந்தது. அவருக்குக் கண் நிறைந்தது. தண்ணீரில் நிற்கிறவர் அழுதால் ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது.

"இப்ப மெதுவா அசைங்க. மெதுவா போனா தண்ணி தூக்கிவிடும். வேகமா போனா எதிர்த்து நிக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஆழத்தைக் குறைச்சுக்குவோம். இடுப்பளவு, அப்புறம் முழங்கால். எடை உங்களுக்கே தெரியாம திரும்பி வரும்."

"ஆறு வாரத்துல தண்டுக்கு அடியில நிக்கலாமாம்மா?"

"எங்கப்பா மாதா தேர் தூக்குவார் சார். கால்ல கட்டுப் போட்டுக்கிட்டும் தூக்குவார். சொன்னா கேக்கவே மாட்டார்." பெருமூச்சு விட்டாள். "நீங்களும் கேக்கமாட்டீங்க. பார்ப்போம்."

கிச்சா தண்ணீருக்குள் கண்ணை மூடிக்கொண்டு தாங்கிகளின் நடையை நடந்து பார்த்தார். இடது, வலது, ஒரு சின்ன ஆட்டம். பெருமாள் தோளில் இருப்பது போலவும் இருந்தது; தாம் பெருமாள் தோளில் இருப்பது போலவும் இருந்தது.

கனவு கோயில் கிணற்றடியில் கலைந்தது.

மாசி மாதப் பனிச் சாயங்காலம். வெந்நீரில் பூப்போல் இளகியிருந்த தோளில் முதல் வாளி விழுந்ததும் அது பூட்டிய கதவாகிவிட்டது. மறுநாள் பிரிஸில்லா தொட்டுப் பார்த்துத் திகைத்தாள்.

"நேத்து எவ்வளவு நல்லா இருந்தது! வீட்டுல என்ன சார் பண்ணீங்க?"

"பிரார்த்தனை," என்றார் கிச்சா பரிதாபமாக.

மூன்றாம் நாள் அனிருத் கிணற்றடிக்கு வந்துவிட்டான். கிச்சா வலது கையால் மட்டும் கயிற்றை இழுத்து, பல்லால் கவ்வி, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, ஒத்தைக் கையால எறைக்கறேள்?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. 'சும்மா கூட நடந்து வாங்கோ' என்பது காதில் கேட்டது.

"ஒத்தைக் கையாலதான் எறைக்கணும்னு... பிரார்த்தனைலயே இருக்கு."

அனிருத் பிரமித்துப் போனான். "அப்படி என்ன மாமா வேண்டுதல்? யாருக்காக?"

எனக்காக என்று சொல்ல வெட்கமாயிருந்தது. "நமக்காகத்தான். நம்ம தண்டுப் பசங்க பன்னெண்டு பேருக்கும் ஒரு கொறையும் வரக் கூடாதுன்னு."

அனிருத் கையைக் கூப்பிவிட்டுத் திரும்பிப் போனான்.

மறுநாள் சாயங்காலம் கிணற்றடியில் பதினோரு பேர் துண்டோடு நின்றார்கள்.

"எங்களுக்காக நீங்க மட்டும் குளிப்பேளா மாமா? நாங்களும் வரோம்," என்றார் சமையல் கான்ட்ராக்ட்.

"வேண்டாம்டா! ஆபீஸ் போற பசங்க..."

"நீங்க பேசப்படாது!"

பதினோரு பேரும் வரிசையாக, ஒற்றைக் கையால், பல்லால் கயிற்றைக் கவ்வி, தண்ணீர் இறைத்தார்கள். பல் பலமில்லாத வங்கிக்காரர் கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இது சம்பிரதாயத்தில் உண்டா என்று கேட்டார். உண்டு என்று கிச்சா தலையாட்டினார். கோயிலுக்கு வந்த பெண்கள் நின்று பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அர்ச்சகர் நெகிழ்ந்துபோய்த் தினமும் எல்லாருக்கும் இரண்டு மடங்கு தயிர்சாதம் கொடுத்தார்.

ஈரத்தலையும் பனியும் தயிர்சாதமும் சேர்ந்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. பத்தாம் நாள் சாற்றுமுறையில் பாசுரத்தை விடத் தும்மல் உரக்கக் கேட்டது. கருட சேவைக்கு எட்டு நாள் இருக்கையில் பன்னிரண்டு பேரில் ஏழு பேருக்கு ஜுரம். தும்மாமல் இருந்தவர் ஒருவர்தான். தினமும் ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறுகிற கிச்சா.

"பார்த்தேளா, பிரார்த்தனை உள்ளவருக்கு ஒண்ணும் பண்ணல," என்று அனிருத் மூக்கைச் சிந்தியபடி சொன்னான். "நாங்கதான் மனசு சுத்தமில்லாம குளிச்சிருக்கோம்."

அதற்கு மேல் கிச்சாவால் முடியவில்லை. அன்றைக்கு அவர் அடையாறு போகவில்லை. சன்னதியில் வெகுநேரம் நின்றார். பிறகு கிணற்றடிக்கு வந்து, போர்வையும் மப்ளருமாக உட்கார்ந்திருந்த பசங்களின் முன்னால் கையைக் கூப்பினார். இடது கை மார்பு உயரத்துக்குத்தான் வந்தது.

"பிரார்த்தனை பொய்டா. ஒத்தைக் கையும் பொய். எனக்குத் தோள் நாண் கிழிஞ்சிருக்கு. அடையாறுல வெந்நீர்க் குளத்துல வைத்தியம் பண்ணிண்டிருக்கேன். சொன்னா என் எடத்தை எடுத்துடுவேளோன்னு பயம். உங்களையெல்லாம் ஜுரத்துல தள்ளிட்டேன். வேற யாரையாவது போட்டுக்கோங்கோ."

பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவ்ளோதானா மாமா?" என்றான் அனிருத்.

"எவ்ளோடா வேணும்?"

"எடமெல்லாம் யாரும் எடுக்கப் போறதில்ல. மூணாவது எடம் உங்களோடது. வந்து நில்லுங்கோ, போதும். ஆனா இனிமே பிரார்த்தனை பண்ணணும்னா வெந்நீராப் பாத்துப் பண்ணுங்கோ!"

சிரிப்பு தும்மலாகி, தும்மல் மறுபடி சிரிப்பாகி, அர்ச்சகர் வெளியே எட்டிப் பார்த்தார். வைதேகி அன்று ராத்திரிக்குள் பதினோரு வீட்டுக்கும் மிளகு ரசம் அனுப்பினாள். ஐந்தே நாளில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

முழங்காலளவுத் தண்ணீரில் நிறுத்திச் சோதித்த பிரிஸில்லா விரலை நீட்டி எச்சரித்தாள். "ஒரே ஒரு தெரு. வலிச்சா வெளிய வந்துடணும். எது நடந்தாலும் கை தோளுக்கு மேல போகக் கூடாது. நெஞ்சோட வெச்சுக்கோங்க."

"சத்தியமா."

"பிரார்த்தனைன்னு சொல்லாத வரைக்கும் நம்பறேன்," என்றாள்.

கருட சேவை. கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. மயிலாப்பூர் வீதிகளில் அப்போதுதான் கோலம் உலர்ந்துகொண்டிருந்தது. சிறகு விரித்த கருடன்மேல் பெருமாள் மல்லிகைக்குள் மறைந்திருந்தார். "ஏறட்டும்!" என்று குரல் வந்ததும் பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள்.

கிச்சா தோளில் மடித்த துணியைப் போட்டுக்கொண்டு, இடது கையை நெஞ்சோடு சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டார். வலிக்காகக் காத்திருந்தார்.

வலி வரவில்லை.

இடது, வலது, ஒரு சின்ன ஆட்டம். பாரமே இல்லை. துணிமேல் தண்டு இருக்கிறதா என்றே தெரியவில்லை. நாதஸ்வரம் தண்ணீருக்கு மேலேயிருந்து கேட்பது போல எங்கோ கேட்டது. விடிகிற வெளிச்சம் மூடிய இமைகளுக்கு மேல் பொன்னாக நெளிந்தது. கழுத்தளவு வெந்நீரில் நடக்கிற அதே நடை. யாரோ கீழேயிருந்து ஏந்திக்கொண்டு போகிறார்கள். முதல் தெரு முடிந்ததும் அவர் வெளியே வரவில்லை. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதும். முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒரு சேவை அவருக்கு வாய்த்ததில்லை. போன வருஷம்கூட வீதி முடிவதற்குள் தோள் கழன்றுவிடும்போல் இழுத்தது.

மண்டபத்தில் பெருமாளை இறக்கினார்கள். பசங்கள் மூச்சு வாங்கியபடி மோருக்குப் போனார்கள். கிச்சா தூணில் சாய்ந்து தம் தோளைத் தடவிப் பார்த்தார். ஒரு சிவப்புக்கூட இல்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும்போல் இருந்தது. பக்கத்தில் ராஜரத்தினம்தான் இருந்தான். பகலில் ஆட்டோ ஓட்டுகிறவன். உற்சவத்தில் வாகனத்தின் பக்கவாட்டிலேயே வெண்குடை பிடித்துக்கொண்டு வருவான்.

"ராஜரத்தினம், இதை நீ நம்பமாட்டே. நாலு தெருவும் எனக்குப் பாரமே தெரியலடா! தண்டு தோள்ல பட்டாப்பலயே இல்ல. இத்தனை வருஷம் சுமந்ததுக்கு இன்னிக்குப் பெருமாளே சுமந்துட்டார்!"

ராஜரத்தினம் குடையை மடக்கிக்கொண்டே அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"இன்னா சாமி, இன்னிக்கின்னு புச்சா சொல்லிக்கினு கீற? உனுக்கு வயசாயிடுச்சேன்னு பசங்க ஆறு வருசமா தண்ட உன் தோள்ல படவுடாம ஒசத்தி ஒசத்திப் புடிச்சிக்கினு வர்றாங்க; நீ அத எட்டி எட்டிப் புடிச்சித் தொங்கிக்கினு வந்ததுலதானே கையே கிழிஞ்சிப்போச்சு!"