ஆறு மணிக்கு மேல் மூக்கு மட்டும்

பிரியாணியைச் சாப்பிடாமலே ருசித்த மனிதர் ஆம்பூர் சரித்திரத்திலேயே ஒருவர்தான். எங்கள் தோல் ஃபேக்டரியின் மோப்பம் அண்ணன்.

தோலை மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், சரியாகக் காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். சொந்தப் பெயர், ஆபீஸில் அவருக்குச் சம்பளம் போடுகிற எனக்கே மறந்துவிட்டது.

ஒரு நாள் ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது. மனுஷன் டாக்டரிடமே சண்டைக்குப் போனார்.

"நான் பீர் பாட்டிலைக்கூட தொட்டதில்ல சார். எனக்கு இன்னாத்துக்கு ஈரல்ல கோளாறு?"

"குடிச்சாத்தான் வரணுமா? தினம் ராத்திரி பிரியாணிய ஒரு கட்டு கட்டினாலும் வரும். இப்படியே விட்டா ஈரல் கெட்டுப்போய்டும்."

அவர் மனைவி மேரி அக்கா நர்ஸ். அன்றைக்கே அண்ணனின் போனில் ஒரு ஆப்பை ஏற்றிவிட்டார். காலை பத்திலிருந்து மாலை ஆறு வரைதான் சாப்பாடு. ஆறு அடித்ததும், "உங்கள் உணவு நேரம் முடிந்தது" என்று ஒரு பெண் குரல் அறிவிக்கும்.

"இவளுக்கு மேரியே தேவலாம்பா. பாதி வடை வாயில இருக்கும்போதே கத்துறா!"

ஆனால் மூக்குக்கு ஆப் தடை போடவில்லையே! ஏழு மணிக்கு என்னை இழுத்துக்கொண்டு கடைக்குப் போவார். ஒரு பிளேட் பிரியாணி வாங்கி, கண்ணை மூடி, அடிவயிறு வரை மோந்து, என் பக்கம் தள்ளுவார். "எனக்கு ஆச்சு. நீ சாப்புடு." வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

பள்ளிகொண்டாவில் ஒரு ராத்திரி ரிசப்ஷன். இலை முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மோந்துகொண்டிருந்தார். பெண்ணின் அப்பா பதறி ஓடிவந்தார்.

"இன்னா சார், கறி கெட்டுப்போச்சா?"

"சேச்சே, ஃபர்ஸ்ட் கிளாஸ்! பட்டை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

அதற்குள் பந்தியில் பாதிப் பேர் இலையில் மூக்கை வைத்திருந்தார்கள். சமையல் மாஸ்டர் கரண்டியோடு வருவதற்குள் மேரி அக்கா அண்ணனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஸ்கேனில் கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது. ஃபேக்டரி முழுக்க ஆற்காடு மக்கன் பேடா கொடுத்தார். ஆறு மணி தாண்டிவிட்டதால், தன் பங்கை மோந்துவிட்டு என்னிடமே கொடுத்தார்.

மாட்டிக்கொண்டது நான். போன மாதம் என் ஸ்கேனிலும் கொழுப்பு. எனக்கும் அதே ஆப். முதல் நாள் ஆறு மணிக்கு அந்தப் பெண் குரல் கேட்டதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகையே வந்துவிட்டது. ஏழு மணிக்கு வாசலில் மோப்பம் அண்ணன், கையில் சூடான பொட்டலம்.

"இன்னாண்ணா இது? இப்ப ரெண்டு பேருமே சாப்புடக் கூடாதே!"

"தெரியும்பா, பொட்டலத்தப் பிரி. நீ எதிர்ல இல்லாம மோந்தா ருசியே இல்ல."