விழுந்த இடத்து மண்

"இனிமே சீட்டுக்கட்டைத் தொட்டேன்னா, இந்த மீசைய எடுத்துடறேன்!"

தை மாசத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. ஊர்க் காளியம்மன் கோயில் வாசலில், எரிகிற சூடத்துக்கு மேலே கையை நீட்டிச் சடையன் இப்படிச் சத்தியம் செய்தான். சூடம் சுட்டது. அதைக்கூட அவன் காட்டிக்கொள்ளவில்லை.

அது சாதாரண மீசையில்லை. ஜமுனாமரத்தூர் சந்தையின் ஒரு கோடியில் சடையன் நின்றால், மறுகோடியில் இருப்பவன் மீசையைப் பார்த்தே "அதோ சடையன்" என்பான். ஐம்பத்திரண்டு வயதில், அவனுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தவற்றில் பெண்டாட்டி பாஞ்சாலையின் கை படாதது அது ஒன்றுதான்.

சத்தியத்துக்குக் காரணம் இரண்டு ஆடுகள். மேய்த்துக்கொண்டு வருகிறேன் என்று ஓட்டிப் போன சடையன், மூங்கில் புதர் நிழலில் சீட்டாட உட்கார்ந்துவிட்டான். ஆடுகளுக்குச் சீட்டில் ஆர்வம் இல்லை. அவை குப்பம்மாவின் கொள்ளுக் கொல்லைக்குள் இறங்கி, பாதியை முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கின. பஞ்சாயத்தில் பாஞ்சாலை கைகூப்பி நிற்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து அவள் அவனை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. நேராகக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். மீசையைப் பந்தயம் வைத்தது மட்டும் சடையனின் சொந்த யோசனை. வேகத்தில் வந்துவிட்டது.

நாற்பத்தெட்டு நாள் அவன் சீட்டின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நாற்பத்தெட்டாவது நாள் மத்தியானம் ராஜாக்கண்ணு வந்தான். பக்கத்துத் தெருக்காரன். பாஞ்சாலையை அக்கா என்றும் இவனை மாமா என்றும் கூப்பிடுகிறவன்.

"மாமா, மூணு பேரு கீறோம். ஒரு கை கொறயுது."

"நான் சத்தியம் பண்ணிகீறேன்டா."

"புளியங்கொட்டை வெச்சுதான் மாமா ஆடறோம். அது சீட்டாட்டத்துல சேத்தியா?"

சடையன் யோசித்தான். நாற்பத்தெட்டு நாள் என்பது ஒரு மண்டலம். எந்தச் சாமிக்கு எந்த விரதம் இருந்தாலும் ஒரு மண்டலத்தோடு முடிந்துவிடும். சத்தியம் மட்டும் அதற்குமேல் போக வேண்டும் என்று எந்த ஊரில் சட்டம்? எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான்.

ஊருக்கு மேலே ஒரு மைல் தூரத்தில் கரடிப்பாறை. கரடி குப்புறப் படுத்த மாதிரி இருக்கும். அதன் முதுகு நல்ல தட்டை. நாலு பேர் உட்கார்ந்து ஆடினார்கள். வாழ்நாளில் முதல்முறையாகச் சடையன் கையில் பதிமூன்று சீட்டும் சேர்ந்து வந்தன. இறக்கப் போகிற நேரம், ராஜாக்கண்ணு விளையாட்டாக ஒரு வார்த்தை சொன்னான்.

"ஐயோ, அக்கா வர்றா!"

சடையன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற ஆளாக இருந்தால் அவன் சடையன் இல்லை. கரடியின் கழுத்திலிருந்து குதித்தான். கீழே ஒரு உருண்டைக் கல். கணுக்கால் 'மளுக்' என்றது. வந்தது யாரோ ஒருத்தர் வீட்டுக் கன்றுக்குட்டி.

பாதி வழி ராஜாக்கண்ணுவின் தோள், மீதி வழி ஒரு மூங்கில் கழி. ஊர் தெரிந்ததும் ராஜாக்கண்ணு, "ஒண்ணா போனா சந்தேகப்படும் மாமா" என்று முன்னால் நழுவிவிட்டான். சடையன் நொண்டிக்கொண்டே ஒரு பொய்யைத் தயார் செய்து, இரண்டு தடவை சத்தமாகச் சொல்லியும் பார்த்துக்கொண்டான். வாசலில் பாஞ்சாலை புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மாமா, ஒத்தக் கால்ல வர்ற?"

"வழுக்கிடுச்சி."

"எங்க?"

"நம்ம மேட்டுக் கொல்லையில. வரப்பு மேல."

"பங்குனி மாசத்துல, காஞ்ச வரப்புல, வழுக்கிச்சு?"

"சருகு கெடந்துச்சு."

"மேட்டுக் கொல்லையில ஏது மரம்?"

"காத்துல வந்த சருகும்மே! காலு ஒடஞ்சி வந்து நிக்கறேன், போலீசுகாரன் மாதிரி கேள்வி கேக்கற!"

பாஞ்சாலை அதற்குமேல் கேட்கவில்லை. சடையன் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

அவள் அவனை உட்கார வைத்துக் காலை அமுக்கிப் பார்த்தாள்.

"ஒடியல. ஒடஞ்சிருந்தா இந்நேரம் மலைக்குக் கீழ கலசப்பாக்கத்துக்கே கேக்கற மாதிரி கத்தியிருப்ப. சுளுக்கு."

வீடு நிறையப் புளி இருந்தது. புளியைக் கரைத்து, கல்லுப்புப் போட்டு, இரும்புக் கரண்டியில் கொதிக்க வைத்தாள். "பொறுக்கற சூட்டுல போடணும்" என்று சொல்லிக்கொண்டே போட்டாள். யார் பொறுக்கிற சூடு என்று அவள் சொல்லவில்லை.

மறுநாள் விஷயம் பரவியது. மலையில் பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் வரும். வைத்தியம் சொல்ல ஆள் மட்டும் நிமிஷத்துக்கு ஒருத்தர் வருவார்கள். குப்பம்மா தன் கொள்ளுக் கொல்லையை மன்னித்துவிட்டு ஒரு முட்டையோடு வந்தாள். 'இங்க வலிக்குதா?' என்று கட்டை விரலால் அழுத்தினாள். 'ஐயோ!' 'அப்ப இங்கதான்' என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கொல்லையை முழுசாக மன்னிக்கவில்லை என்று தெரிந்தது. முட்டை வெள்ளைக்கருவில் உளுத்தம் மாவைக் குழைத்து அப்பிவிட்டுப் போனாள். அடுத்த வீட்டுச் செந்தாமரை எருக்கம் இலையை விளக்கெண்ணெய் தடவி வாட்டிக்கொண்டு வந்து, அதற்கு மேலேயே கட்டினாள். மூன்றாம் நாள் அந்தக் காலில் புளி, உப்பு, முட்டை, உளுந்து, எண்ணெய் எல்லாம் இருந்தன. தாளித்தால் சோற்றில் ஊற்றிக்கொள்ளலாம்.

பாஞ்சாலை எல்லாவற்றையும் கழுவி எடுத்தாள். பழைய புடவையைக் கிழித்து இறுக்கமில்லாமல் சுற்றினாள். காலைத் தூக்கிப் புளி மூட்டை மேல் வைத்தாள்.

"கால கீழ வெக்காத. அதான் மருந்து."

சடையனா கேட்பான்? அவள் தண்ணீருக்குப் போன நேரமெல்லாம், சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு நடை நடந்தான். நடந்துவிட்டு, ஏன் சரியாகவில்லை என்று வருத்தப்பட்டான். ஐந்தாம் நாள் கணுக்கால் முற்றின கத்திரிக்காய் மாதிரி ஆகிவிட்டது.

பாஞ்சாலை பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"இது மருந்துக்கு அடங்கறதா தெரியல. வுழுந்த எடத்து மண்ண எடுத்துச் சுத்தணும்."

சடையன் காலை இழுத்துக்கொண்டான். அந்த வைத்தியம் அவனுக்குத் தெரியும். விழுந்தவன் கால் பட்ட அதே இடத்தில் ஒரு பிடி மண் எடுக்க வேண்டும். மூன்று சுற்றுச் சுற்றி, மிளகாயோடு அடுப்பில் போட்டால், வலி வந்த இடத்துக்கே போய்விடும். மண் மாறிப் போனால் வலி திரும்பிப் போக வழி தெரியாமல் மேலே ஏறும். கணுக்காலிலிருந்து முட்டிக்கு, முட்டியிலிருந்து இடுப்புக்கு. அவனுடைய சித்தப்பா ஒருத்தர் அடுத்தவன் பலா மரத்திலிருந்து விழுந்துவிட்டு, சொந்த மரம் என்று சொல்லிச் சாகும்வரை நொண்டினார். சடையன் சீட்டு விஷயத்தில் எப்படியோ, இந்த விஷயத்தில் முழு பக்திமான்.

"மேட்டுக் கொல்லையில எந்தப் பக்கம் மாமா?"

"கெ... கெழக்கால."

ஒரு நாழிகை கழித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கையில் ஒரு பிடி மண். சடையன் வாங்கி முகர்ந்து பார்த்தான்.

"ஆமாமா. நம்ம மேட்டுக் கொல்லதான். வாசனையே சொல்லுது."

சுற்றினாள். துப்பச் சொன்னாள். அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வீட்டைத் தூக்கியது.

"எறங்குது பாஞ்சால!" என்றான் சடையன். "சரசரன்னு எறங்குது!"

"அப்ப எழுந்து நட."

எழுந்தான். ஒரு அடி வைத்தான். அந்தச் சத்தத்தில் கூரையில் இருந்த கோழி கீழே இறங்கியது.

"மண்ணு தப்பு மாமா" என்றாள் பாஞ்சாலை, மெதுவாக. "நல்லா ரோசன பண்ணு. இனிமே முட்டிக்கு ஏறும்."

அவள் சொன்ன உடனே முட்டியில் சுருக்கென்றது.

"இப்பத்தான் ஞாபகம் வருது. வரப்புல வழுக்கிச்சு. ஆனா வுழுந்தது ஓடையில. கொஞ்ச தூரம் வழுக்கிகினே போய்ட்டேன்."

"மேட்டுக் கொல்லையிலேர்ந்து ஓட வரைக்குமா?"

"சருகு அப்டி."

அவள் ஓடைக்குப் போனாள். மறுபடி மண் வந்தது. சடையன் அதையும் தொட்டுப் பார்த்து, "ஓட மண்ணுனா ஓட மண்ணுதான், இன்னா குளிர்ச்சி!" என்றான். மறுபடி மிளகாய். மறுபடி நடை. கூரைக்குத் திரும்பியிருந்த கோழி இந்தத் தடவை ஊரைவிட்டே போய்விட்டது.

அன்று சாயந்திரம் நலம் விசாரிக்க ராஜாக்கண்ணு வந்தான். சடையன் அவன் கழுத்துத் துண்டைப் பிடித்து இழுத்தான்.

"டேய், கரடிப்பாறைக்குக் கீழ அந்த உருண்டக் கல்லு பக்கத்துல ஒரு புடி மண்ணு எடுத்துகினு வாடா. யாருக்கும் தெரியக் கூடாது."

மண் வந்தது, ஒரு வாழைச் சருகில் மடித்து. பாஞ்சாலை ஆடு கட்டப் போயிருந்தாள். சடையன் தன் காலைத் தானே சுற்ற ஆரம்பித்தான். அது லேசான வேலையில்லை. ஒரு சுற்றுதான் முடிந்தது. வாசலில் நிழல் விழுந்தது.

"இன்னா மாமா அது, கையில?"

"பொடி."

"இன்னா பொடி?"

"மூக்குப்பொடி. ராஜாக்கண்ணு குடுத்தான். சுளுக்குக்கு நல்லதாம்."

"அப்டியா? போடு, பாக்கறேன்."

கரடிப்பாறை மண்ணில் ஒரு சிட்டிகை சடையனின் வலது மூக்கில் ஏறியது. இன்னொரு சிட்டிகை இடது மூக்கில். பதினோரு தும்மல். ஒவ்வொரு தும்மலுக்கும் கணுக்கால் தனியாக ஒரு தடவை அழுதது. மிச்ச மண்ணை அவன் தும்மலே எங்கேயோ கொண்டுபோய்விட்டது.

"நல்லாத்தான் வேல செய்யுது" என்று சொல்லிவிட்டுப் பாஞ்சாலை களி கிண்டப் போனாள்.

சடையன் காலைப் புளி மூட்டை மேல் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தான். முட்டி வலித்தது. இடுப்பு வலிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. காலா, மீசையா? மீசை போனால் முளைக்கும். ஆனால் முளைக்கும்வரை சந்தையில் ஒவ்வொருத்தனும் ஏன் என்று கேட்பான். கால் போனால் முளைக்காது; ஆனால் ஒருத்தனும் ஏன் என்று கேட்க மாட்டான், ஐயோ பாவம் என்பான். கணக்குப் போட்டுப் பார்த்தால் மீசையைக் காப்பாற்றுவதுதான் நல்லது என்று வந்தது. அந்த விடையைப் பார்த்து அவனே திடுக்கிட்டான். ஐம்பத்திரண்டு வயது வரை வளர்ந்து, உழுது, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த ஒரு மனுஷனுக்குத் தன் காலைவிட மூக்குக்குக் கீழே இருக்கிற நாலு மயிர் பெரிதாகப் போய்விட்டதா? இப்படிப்பட்ட ஆள் சீட்டில் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன?

"பாஞ்சால! இங்க வா. உக்காரு."

"களி அடி புடிக்கும். நின்னுகினே கேக்கறேன், சொல்லு."

சொன்னான். கரடிப்பாறை, புளியங்கொட்டை, பதிமூன்று சீட்டு, கன்றுக்குட்டி, மூக்குப்பொடி வரைக்கும் எதையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் அவனுக்கே தன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

"சத்தியம் சத்தியம்தான். மீசைய எடுத்துக்க. ஆனா அதுக்கு மின்னாடி போய் அந்த மண்ண எடுத்துகினு வா. இடுப்புக்கு ஏறிகினு கீது."

பாஞ்சாலை துடுப்பிலிருந்த களியை வழித்தாள்.

"எனக்குத் தெரியும் மாமா."

"எப்பத்துலேர்ந்து?"

"நீ வூட்டுக்கு வர்றதுக்கு மின்னாடியே. பாதி வழியில உன்ன வுட்டுட்டு ராஜாக்கண்ணு எங்க போனான்னு நெனச்ச? நேரா வூட்டுக்குப் போயி ரஞ்சிதத்துகிட்ட சொல்லிட்டான். அவன் என்னிக்கு பொண்டாட்டிகிட்ட எதய மறைச்சான்? ரஞ்சிதம் பின்பக்கமா ஓடியாந்து சொல்லிட்டுப் போறா, நீ முன்பக்கமா நொண்டிகினு வர்ற."

"அப்பறம் இன்னாத்துக்கு மேட்டுக் கொல்லைக்கும் ஓடைக்கும் அலஞ்ச?"

"யாரு அலஞ்சா? இந்த வெயில்ல? ரெண்டும் நம்ம வூட்டுப் பின்னால முருங்க மரத்தடி மண்ணுதான். நீதான் வாசன புடிச்சிப் பாத்து கொல்ல, ஓடன்னு பேரு வெச்ச."

சடையன் முட்டியைத் தடவிப் பார்த்தான்.

"முட்டிக்கு ஏறுச்சே!"

"நான் சொன்னதுக்கப்பறம்தான ஏறுச்சு?"

"அப்ப என் காலு?"

"சுளுக்குனா பதினஞ்சி நாளு ஆவும். சந்தைக்குப் போனப்ப ஆஸ்பத்திரி நர்ஸம்மாவ கேட்டேன். மண்ணும் வேணாம், மொளகாவும் வேணாம், கால தூக்கி வெச்சிகினு கம்முனு கெடக்கச் சொல்லுன்னுச்சி. நீ கெடந்தியா? நான் கொடத்தத் தூக்கனா நீ கால எறக்கற."

சடையன் முகத்தை நிமிர்த்தி, அவள் பக்கம் நீட்டினான். போனதெல்லாம் போகட்டும். வாக்கையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.

"சவரக் கத்தி கூர எறவானத்துல கீது. எடுத்துகினு வா."

பாஞ்சாலை கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். மீசையை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை, சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"வேணாம் மாமா, இருக்கட்டும். சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

சடையன் மீசையைத் தடவிக்கொண்டான். "எம்மேல அவ்ளோ ஆசையாம்மே உனக்கு?"

"நீ பொய் சொல்லும்போதெல்லாம் அதான துடிக்குது. அதயும் எடுத்துட்டா, நான் எதப் பாத்து கண்டுபுடிக்கறது?"