மூணு ரிங்குக்குள் எடுக்கணும்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் கரண்ட் போனால் முகம் மலர்கிற ஒரே மனிதர் எங்கள் டயல்டோன் அண்ணாதான். ஃபேன் நின்ற அடுத்த நொடி நாமெல்லாம் "போச்சுடா" என்று தலையில் கை வைப்போம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, தலை வாரி, போன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார்.

முடிச்சூர் ரோட்டில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடி, எனக்கு எதிர்வீடு அவருடையது. ஏதோ ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், தனி ஆள். தினமும் காலையில் பல் விளக்கியதும் லேண்ட்லைன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, அந்த 'ஙொய்ய்ங்' சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார். யாருக்கும் நம்பர் போட மாட்டார். "உயிரோட கீது" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். பெயர் வந்த கதை அதுதான். சொந்தப் பெயர் கதவில் எழுதியிருந்தது, யாரும் படித்ததில்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் வண்டலூரில் தனியாக இருந்த அவருடைய அக்கா. அந்த அம்மாவுக்கு இந்த உலகத்தில் இரண்டே சொத்து. ஒன்று டிவி, இன்னொன்று தம்பி. கரண்ட் இருக்கிறவரை டிவி, போனால்தான் தம்பி. நாடகம் ஓடும்போது யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார். எடுக்கவும் முடியாது, ஏனென்றால் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று தன் பட்டன் போனை அணைத்தே வைத்திருப்பார். டிவி அணைந்தால் போனை உயிர்ப்பித்து, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரான தம்பியின் லேண்ட்லைனுக்கு அடிப்பார்.

"செல்லுக்கு அடிக்கச் சொல்லலாமே அண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொன்னேன் சார். 'செல்லுன்னா நீ எங்க சுத்திகினு கீறன்னு எனக்கு எப்டி தெரியும்? இதுல எடுத்தாதான் வூட்ல கீறன்னு அர்த்தம்'னுது. அதுக்கு இன்னா பதில் சொல்றது?"



எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் பழைய ஒயரையெல்லாம் எடுத்துவிட்டு ஃபைபர் போடப் போகிறோம் என்று லைன்மேன் வந்தார். நம்பர் அதேதான், பேச்சு இன்னும் தெளிவாகக் கேட்கும் என்றார். அண்ணா சந்தோஷமாகத் தலையாட்டினார். மாட்டி முடித்த பிறகுதான் லைன்மேன் வாயைத் திறந்தார்.

"கரண்ட் போனா மட்டும் வேலை செய்யாதுண்ணா. இந்த பாக்ஸுக்குக் கரண்ட் வேணும்."

"பழைய போனுக்கு நான் கரண்டே குடுத்ததில்லையே?"

"அது எக்ஸ்சேஞ்ச்லேர்ந்தே ஒயர்ல வந்துடும்."

அண்ணா ஆடிப்போனார். "முப்பது வருஷமா வூட்டுக்குள்ள வேற கரண்ட் வந்துகினு இருந்துச்சா? ஒருத்தன் சொல்லலியே!"

அந்த வாரமே ஒரு மத்தியானம் இரண்டு ஊரிலும் சேர்ந்தாற்போல் கரண்ட் போனது. அக்கா அடித்தார், அடித்தார், பதில் இல்லை. தம்பிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிட்டார். லிஃப்ட் ஓடாத மூன்று மாடியை முட்டிவலியோடு ஏறினார். கடைசிப் படியில் கால் பிசகி விழுந்தார். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. இத்தனைக்கும் அண்ணா உள்ளே சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தார். கட்டுப் போட்டு உட்கார வைத்ததும் கரண்ட் வந்தது. அக்கா வலியை மறந்து, தம்பி வீட்டு டிவியிலேயே மிச்ச நாடகத்தைப் பார்த்து முடித்தார். கிளம்பும்போது சட்டம் போட்டார்.

"இனிமே மூணு ரிங்கு. அதுக்குள்ள எடுக்கல, நான் கெளம்பி வந்துடுவேன்."

"இன்னொரு தபா அது இந்தப் படியில ஏறுனா காலு போயிடும் சார்" என்றார் அண்ணா என்னிடம். அன்று முதல் அவருக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம்: கரண்ட் இல்லாவிட்டாலும் அந்தப் போன் அடிக்க வேண்டும்.

முதலில் ஒரு கம்ப்யூட்டர் யு.பி.எஸ். வாங்கினார். கரண்ட் போனதும் அது விடாமல் 'கீக் கீக்' என்று கத்தும். அக்கா, "இன்னாடா, எலி வளக்குறியா?" என்று கேட்டுவிட்டாராம். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, சத்தம் போடாத சின்ன பேட்டரிப் பெட்டியை ஃபைபர் பாக்ஸுக்கு மாட்டினார். அடுத்த தடவை கரண்ட் போனபோது பாக்ஸில் பச்சை விளக்கெல்லாம் ஜெகஜோதியாக எரிந்தது. போன் மட்டும் பிணம். அரைமணி நேரம் பாக்ஸைத் திட்டிய பிறகுதான் கண்டுபிடித்தோம்: பேட்டரிப் பெட்டி வாங்கிய கடையிலேயே பழைய போனைப் போட்டுவிட்டு அவர் புதிதாக வாங்கியிருந்தது கார்ட்லெஸ் போன், அதன் ஸ்டாண்டுக்கும் கரண்ட் வேண்டும். நல்லவேளை, அன்றைக்கு வண்டலூரில் கரண்ட் இருந்தது. மாலையிலேயே சுருட்டை ஒயர் வைத்த பழைய போன் ஒன்றைத் தேடி வாங்கி வந்துவிட்டார்.

பிறகு ஒத்திகை ஆரம்பித்தது. கீழே மீட்டர் போர்டுக்குப் போய்த் தன் வீட்டு மெயினை அணைப்பார். மூன்று மாடி ஓடி வருவார். "சார், ஒரு ரிங் குடுங்க!" என்று என் கதவைத் தட்டுவார். நான் இல்லாவிட்டால் இரண்டாவது மாடி கிரேஸ் டீச்சர். பாவம், பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுத்துவிட்டு வந்து, வீட்டிலும் பிராக்டிகல்.

ஒருநாள் நான் நாவலூர் ஆபீஸுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே வீடியோவில் மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "வேலை ஏன் லேட்?" என்று அவர் கேட்ட அதே விநாடி எல்லாம் அணைந்துவிட்டது. கதவைத் திறந்தால் அண்ணா மூச்சு வாங்க நிற்கிறார்.

"உங்க மெயினா சார் அது? தப்பா அமுக்கிட்டேன். பரவால்ல, உங்க வூட்டு பாக்ஸுக்கும் டெஸ்ட் ஆச்சு. ஃபெயிலு."

மாதாமாதம் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவார்களே, அந்த ஊர்ப் பட்டியலைப் பேப்பரில் முதலில் பார்ப்பவர் அவர்தான். வண்டலூர் மட்டும் இருந்தால் அவருக்குத் தீபாவளி. காலை ஒன்பது முதல் இரண்டு வரை அக்கா பேசுவார். வண்டலூரும் முடிச்சூரும் சேர்ந்து இருந்தால் முந்தின நாளே மூன்று ஒத்திகை.

அப்புறம் அந்தப் புயல் வந்தது. காலை ஆறு மணிக்கே எங்களுக்குக் கரண்ட் போய்விட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். செல்போன் டவரும் படுத்துவிட்டது. மொத்தக் கட்டடத்திலும் உயிரோடு இருந்தது அண்ணாவின் லேண்ட்லைன் மட்டும்தான். அக்கா கூப்பிடவில்லை, அவருடைய பட்டன் போனும் வழக்கம்போல் அணைந்திருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு அண்ணா என் கதவைத் தட்டினார். முகத்தில் ஈயாடவில்லை.

"சார், பேட்டரி செவப்பு காட்டுது. அஞ்சு நிமிசம் தாங்கினா பெருசு. இப்ப அது அடிச்சு நான் எடுக்கலன்னா, இந்தத் தண்ணியில கெளம்பிடும் சார்."

கிளம்பும். அதில் எங்கள் யாருக்கும் சந்தேகமில்லை.

"உங்க ஸ்கூட்டர் பேட்டரியக் குடுங்க. எப்டியும் தண்ணியிலதான நிக்குது, ஓட்டவா போறீங்க?"

"உங்க வண்டியில இருக்குமே அண்ணா?"

"அத போன மாசம் ஒத்திகையிலயே காலி பண்ணிட்டேன்."

இறங்கினோம். தண்ணீருக்குள் நின்று என் ஸ்கூட்டரைப் பிரித்துப் பேட்டரியைக் கழற்றினார். குழந்தையைத் தூக்குவதுபோல் நான் அதை நெஞ்சோடு அணைத்து மேலே கொண்டுவந்தேன். கிரேஸ் டீச்சர் டார்ச்சோடு வந்து நின்றார். அண்ணா ஒயரை எடுத்தார்.

"அண்ணா, அது மைனஸ்!" டீச்சர் போட்ட அதட்டலில் நானே பின்வாங்கினேன். "மாத்திக் குடுத்தா பாக்ஸ் புகைஞ்சிடும். சிவப்பை இங்க வைங்க."

வைத்தார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கடைசிப் பச்சை வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. முதல் ரிங் முடிவதற்குள் அண்ணா பாய்ந்து எடுத்தார். ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. அக்காவின் குரல் வாசல் வரை கேட்டது.

"டேய், இப்பதான் இங்க கரண்ட் போச்சு. நாடகத்துல மாப்ள தாலியக் கையில எடுத்தான், அப்டியே நின்னுபோச்சு. கட்டுனானா இல்லியா? உன் டிவில பாத்துச் சொல்லு."

"இங்க காத்தாலேர்ந்தே கரண்ட் இல்லக்கா!"

"அப்ப இன்னாத்துக்கு வூட்ல போன வெச்சிகினு கீற?"

அண்ணா எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். "கட்டிட்டான்னு சொல்லுங்க அண்ணா" என்று கிசுகிசுத்தார், பொய் சொன்னால் பிள்ளைகளை வெளியே நிறுத்தும் கிரேஸ் டீச்சர்.

"கட்டிட்டான்க்கா. பக்கத்து வூட்ல சொன்னாங்க."

அந்தப் பக்கம் நிம்மதிப் பெருமூச்சு. பிறகு குரல் தணிந்தது. "இதுக்கு முன்னாடி ரெண்டு தபா அடிச்சேன்டா, போகவே இல்ல. இதான் கடைசின்னு செருப்பப் போட்டுகினுதான் அடிச்சேன்."

"கழட்டுக்கா" என்றார் அண்ணா. "செருப்பக் கழட்டிட்டு உக்காரு. பேசலாம்." நாங்கள் கதவைச் சாத்திவிட்டு வந்தோம். இருட்டும்வரை அக்கா பேசியதாகக் கேள்வி. என் ஸ்கூட்டர் பேட்டரி அந்த நற்காரியத்திலேயே உயிரை விட்டது.

புயல் ஓய்ந்ததும் அண்ணா வீட்டைக் காலி செய்து அக்காவோடு வண்டலூரிலேயே போய் இருந்துவிட்டார். அதே நம்பரையும் அங்கே மாற்றி வாங்கிக்கொண்டார். "இனிமே யார் அண்ணா அதுல கூப்பிடப் போறாங்க?" என்று கேட்டதற்கு, "கரண்ட் போனா நீங்க கூப்புடுங்க சார்" என்றார்.

நானும் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். இப்போது எங்கள் தெருவில் கரண்ட் போனால் கை தானாக அந்த நம்பரைப் போடுகிறது. "அக்கா பக்கத்துலதான் கீது, நாடகம் பாக்குது. பேச ஆளில்ல, நீங்க சொல்லுங்க சார்" என்பார்.

போன வாரமும் கரண்ட் போனது, கூப்பிட்டேன். மூன்று ரிங் போயும் எடுக்கவில்லை. ஐந்தாவதில் எடுத்து, "குளிச்சிகினு இருந்தேன் சார்" என்றார். அதற்குள் மாட்டியிருந்த செருப்பைக் கழற்றிவிட்டு, நான் மறுபடி உள்ளே வந்தேன்.